விழவே விழாது

"இதுல உங்க பொண்ணு யாரு?" அமெரிக்காவின் அயோவாவில் எந்த ஊர்க் கல்லூரியின் கூடைப்பந்து அரங்குக்குப் போனாலும், பக்கத்தில் வந்து உட்காரும் அம்மாள் இரண்டாவது நிமிஷத்தில் ஆங்கிலத்தில் என்னிடம் கேட்பது இதைத்தான். வெளியூர் அணியின் பெஞ்சுக்குப் பின்னால், நீல ஸ்வெட்டர் போட்ட வெள்ளைக்காரப் பெரியவர்களுக்கு நடுவே, ஐம்பத்துநாலு வயதில் ஒரு மாநிறப் பெண்பிள்ளை உட்கார்ந்திருந்தால், அவள் விளையாடுகிறவர்களில் ஒருத்தியைப் பெற்றவளாகத்தான் இருக்க வேண்டும் என்பது அவர்கள் கணக்கு. கேட்டுவிட்டு, என் நிறத்தில் யாராவது ஓடுகிறாளா என்று கோர்ட்டைத் துழாவுவார்கள். எல்லாப் பெண்களுக்கும் சோளக்கதிர் நிறத்தில் குதிரைவால். ஒருத்தி மிகவும் மரியாதையாக, தத்துப்பிள்ளையா என்று கேட்டாள். எனக்குக் கல்யாணமும் இல்லை, பிள்ளையும் இல்லை, சும்மா ஆட்டம் பார்க்க வந்தேன் என்று முதல் இரண்டு வருஷம் விளக்கம் சொன்னேன். அதற்கு அவர்கள் முகம் போன போக்கைப் பார்த்த பிறகு அலுத்துப்போய், பதினொன்றாம் நம்பர் என்று கையைக் காட்ட ஆரம்பித்தேன். மூன்று நாலு வருஷத்துக்கு ஒரு தடவை பதினொன்றாம் நம்பர் பனியன் வேறு பெண்ணுக்குப் போகிறது. எனக்கு இதுவரை மூன்று மகள்கள்.

நான் சாந்தோம்காரி. சர்ச்சுக்குப் பின்னால் உள்ள சந்தில் பிறந்து வளர்ந்து, இருபத்துநாலு வருஷத்துக்கு முன்னால் ஆஸ்பத்திரி லேபில் ரத்தம் பரிசோதிக்கிற வேலைக்காக இந்தச் சோளக்காட்டு ஊருக்கு வந்தேன். ஏன் கல்யாணம் செய்துகொள்ளவில்லை என்பது இந்தக் கட்டுரையின் விஷயமில்லை, விட்டுவிடுங்கள். எங்கள் ஊரில் ஒரு சின்னக் கல்லூரி இருக்கிறது. அதன் பெண்கள் அணி வெளியூருக்கு ஆடப் போகும்போது, பின்னாலேயே ஒரு பஸ் போகும். அதில் பதினெட்டு இருபது பேர், பெரும்பாலும் எழுபது தாண்டியவர்கள். அவர்களில் யாருடைய பிள்ளையும் அணியில் கிடையாது. பனிக்காலத்தில் வீட்டுக்குள் அடைந்து கிடக்க முடியாமல் இரண்டு மணி நேரம் பஸ்ஸில் போய், பகை ஊரின் பலகைப் படிக்கட்டில் உட்கார்ந்து கத்திவிட்டு வருவார்கள். பன்னிரண்டு வருஷமாக நானும் அதில் ஒருத்தி. முதல் நாள் தபாலாபீசில் வேலை பார்த்து ஓய்வு பெற்ற டோரத்தி எனக்கு ஒரு நீலக் குஷனைக் கொடுத்து, இது இல்லாமல் வராதே, எலும்பு போய்விடும் என்றாள். அந்த நாட்டில் சிநேகிதி என்று நான் சொல்லிக்கொள்ள அவள் ஒருத்திதான்.

விளையாட்டுத் தெரியாதவர்களுக்கு ஒன்று சொல்லிவிடுகிறேன். தப்பாட்டத்தில் இடிபட்ட பெண்ணை ஒரு கோட்டில் தனியாக நிற்க வைத்து, யாரும் மறிக்காமல் கூடைக்குள் பந்தைப் போட விடுவார்கள். அதற்கு ஃப்ரீ த்ரோ என்று பெயர். அமெரிக்காவில் எதிரணிப் பெண் அப்படி நிற்கும்போது அவள் கவனத்தைக் கெடுப்பது ரசிகர்களின் கடமை. கையை ஆட்டுவார்கள், படியை மிதிப்பார்கள், ஊளையிடுவார்கள். யாரும் கோபித்துக்கொள்வதில்லை. பஸ் கூட்டத்தில் எல்லாருக்கும் ஒரு பாணி உண்டு. எனக்கு இங்கிலீஷில் கத்த வரவில்லை. ஒரு நாள் என்னையறியாமல் "விழாது! விழாது! விழவே விழாது!" என்று தமிழில் கத்தினேன். பந்து வளையத்தில் முட்டி வெளியே போயிற்று. அன்றிலிருந்து அது எங்கள் பஸ்ஸின் மந்திரம். எதிரணிப் பெண் கோட்டில் நின்றால் இருபது தலையும் என் பக்கம் திரும்பும். ஜெசிந்தா என்ற என் பெயரை ஜெஸ் ஆக்கிவிட்ட கூட்டம், "டூ யுவர் திங், ஜெஸ்" என்று கெஞ்சும். அதற்கு என்ன அர்த்தம் என்று பன்னிரண்டு வருஷத்தில் ஒருவர்கூடக் கேட்டதில்லை.

போன ஜனவரியில் நான் சென்னைக்கு வந்தது விடுமுறைக்கு மட்டுமல்ல. என் தங்கை ஸ்டெல்லாவின் மகள் ஷெரினை அழைத்துப் போகத்தான் வந்தேன். அவள் மயிலாப்பூர்ப் பக்கம் ஒரு பெண்கள் கல்லூரியில் படிக்கிறாள், அணியின் கேப்டன், நாலாம் நம்பர். எங்கள் ஊர்க் கல்லூரியின் கோச்சம்மாவிடம் பஸ் சிநேகத்தில் பேச்சைப் போட்டு வைத்திருந்தேன். முழு ஆட்டம் ஒன்றின் வீடியோ வேண்டும், நல்லதை மட்டும் வெட்டி ஒட்டி அனுப்பக் கூடாது, தோற்ற ஆட்டமானாலும் பரவாயில்லை என்று அவர் சொல்லியிருந்தார். பிடித்திருந்தால் ஆகஸ்டில் சேர்த்துக்கொள்வார்கள், படிப்புச் செலவு அவர்களுடையது. ஸ்டெல்லா முதலில் தயங்கினாள், மூன்று மாதம் போனில் பேசிப் பேசிக் கரைத்தேன். ஷெரினும் சரி என்றாள். அவள் சரி சொன்ன மறுநாளே என் அயோவா வீட்டு மாடியறைக்கு மஞ்சள் பெயிண்ட் அடித்துவிட்டேன். முழங்கால்வரை வரும் ஒரு பெரிய குளிர்கோட்டும் வாங்கிக் கதவுக்குப் பின்னால் மாட்டினேன். வேலை முடிந்து வந்தால் மேலே ஏறிப்போய் அந்தக் கோட்டை ஒரு தடவை தொட்டுவிட்டு வருவேன். வெட்கமாகத்தான் இருக்கிறது, ஆனாலும் சொல்லிவிடுகிறேன்.

சாந்தோம் வீட்டில் பெட்டியைத் திறந்தபோது மேலாக அந்த நீலக் குஷன் இருந்தது. ஸ்டெல்லா அதைத் தூக்கிப் பார்த்துவிட்டு, குரலைத் தாழ்த்தி, மூல வியாதியா அக்கா, டாக்டரைப் பார்த்தியா என்று உண்மையான கவலையோடு கேட்டாள். அவள் பள்ளிக்கூட டீச்சர், எதையும் நேராகத்தான் கேட்பாள். சிரித்துத் தீர்த்தோம். மற்றபடி அந்த வீட்டில் எனக்கு இப்போதெல்லாம் விருந்தாளி உபசாரம்தான். குடிக்க வெந்நீர் ஆறவைத்துத் தனிச் செம்பில் வரும். மீன் குழம்பில் எனக்கென்று காரம் குறைப்பார்கள். காரம் போடு என்றால், உனக்கு ஒத்துக்காதுக்கா என்பாள். எனக்கு எது ஒத்துக்கொள்ளும் என்று என்னைவிட அவளுக்குத் தெரியும் என்கிற மாதிரி. அவள் வீட்டுக்காரர் பெருங்குடியில் ஒரு கம்பெனியில் வேலை, பாதி நேரம் டிராபிக்கில் கழிகிறது. என்னைப் பார்க்கும்போதெல்லாம் பயணக் களைப்பு போயிடுச்சா என்று கேட்பார். வந்து பத்து நாள் ஆகியிருந்தது. போகவில்லை என்பதுதான் உண்மை. இந்த வயதில் அது பயணக் களைப்புதானா என்பதும் நிச்சயமில்லை.

ஆட்டம் அடையாறில், எதிரணிக் கல்லூரியின் மைதானத்தில், சாயங்காலம் நாலு மணிக்கு. அந்த வாரத்தில் ஷெரினுக்கு இருந்த ஒரே ஆட்டம் அது. அவள் அணியோடு காலேஜ் வேனில் போய்விட்டாள். ஸ்டெல்லாவுக்குப் பள்ளிக்கூடம். நான் ஆட்டோவில் கிளம்பினேன். மெட்ரோவுக்காகத் தோண்டிப் போட்டதில் நான் அறிந்த ரோடு ஒன்றும் அதனதன் இடத்தில் இல்லை. இந்த வழி போகலாமே என்று இரண்டு தடவை வாயைத் திறந்தேன். மூன்றாவது தடவை டிரைவர் கண்ணாடியில் என்னைப் பார்த்து, "ஊருக்குப் புச்சாம்மா?" என்றார். இல்லை, இங்கேதான் பிறந்தேன் என்றேன். அவர் நம்பவில்லை, ஆனால் மரியாதைக்குத் தலையாட்டினார். காலேஜ் வாசலில் செக்யூரிட்டி அம்மா குஷனையும் செல்போன் ஸ்டாண்டையும் சந்தேகமாகப் பார்த்துவிட்டு, எந்தப் பொண்ணு உங்களுது என்று கேட்டார். இங்கேயும் அதே கேள்வி. நாலாம் நம்பர், என் தங்கை பொண்ணு என்றேன். நோட்டில் எழுதும்போது 'அம்மா' என்றே எழுதிக்கொண்டார். நான் திருத்தவில்லை.

சிமெண்டு கோர்ட், பக்கத்தில் நாலு சிமெண்டு படி, மேலே தூங்குமூஞ்சி மரம், அதில் காக்கை. இந்தக் கோர்ட்டில் நானே ஆடியிருக்கிறேன். கல்லூரி இரண்டாம் வருஷத்தில் வெளியூர் அணி மாதிரி வேர்த்து விறுவிறுத்து பஸ்ஸில் வந்து இறங்கினோம். சாந்தோமிலிருந்து அடையாறுக்கு வருவது அன்றைக்கு எங்களுக்கு வெளியூர்தான். கடைசியில் ஃப்ரீ த்ரோ எனக்கு வந்தது. எங்கள் பெண்கள் கோர்ட்டுகளில் அதற்கு ஒரு வழக்கம் உண்டு. யார் பந்தோடு கோட்டில் நின்றாலும், எந்த ஊர்ப் பெண்ணாக இருந்தாலும், யாரும் மூச்சுக் காட்ட மாட்டார்கள். பூசையில் சாமியார் அப்பத்தை உயர்த்தும்போது சர்ச்சுக்குள் ஒரு அமைதி வருமே, அந்த அமைதி. அவ்வளவு அமைதியிலும் நான் இரண்டையும் தவறவிட்டேன். தோற்று நின்ற எங்களுக்கு இந்தக் காலேஜ்காரர்கள்தான் முதலில் டிபன் தட்டை நீட்டினார்கள். ஆட்டம் முடிந்ததும் உள்ளூர்க்காரர்கள் வந்தவர்களுக்கு டிபன் கொடுத்துவிட்டுத்தான் தாங்கள் தொடுவார்கள். அமெரிக்காவில் வந்தவர்கள் வரிசையில் நின்று பாப்கார்ன் வாங்கிக்கொள்ள வேண்டும். இரண்டில் எது மேல் என்று நான் தீர்ப்புச் சொல்ல வரவில்லை. எதில் எப்படி இருக்க வேண்டும் என்பது எனக்கு இரண்டு இடத்திலும் மறந்துபோகிறது, அதைத்தான் சொல்ல வந்தேன்.

ஸ்டாண்டில் செல்போனைப் பொருத்தி, குஷனைப் போட்டு உட்கார்ந்தேன். ஷெரின் ஆடியதைப் பற்றி நான் சொன்னால் பெரியம்மா பெருமை என்பீர்கள். அவளுக்கு உயரம் இல்லை. ஆனால் பந்து எங்கே வரும் என்று முன்கூட்டியே தெரிந்தவள் மாதிரி அங்கே போய் நிற்பாள். எதிரணியில் ஏழாம் நம்பர் போட்ட திவ்யா என்ற பெண்தான் அவளை மறித்து ஆடினாள். ஒட்டடைக் குச்சி மாதிரி உயரம். இருவரும் இடித்துக்கொண்டு விழுவார்கள், எழுந்திருக்கும்போது ஒருத்தி மற்றவளுக்குக் கை கொடுத்துத் தூக்குவாள். எட்டு வயதிலிருந்து சனிக்கிழமைதோறும் தி.நகர் கோர்ட்டில் ஒன்றாகப் பந்து தட்டிப் பழகியவர்கள் என்பது எனக்குப் பிறகுதான் தெரிந்தது. நான் ஆட்டத்தையும் பார்த்தேன், ஆகஸ்டையும் பார்த்தேன். மஞ்சள் அறை, பனி, நீலப் பனியனில் ஷெரின், பக்கத்தில் வந்து உட்காரும் அம்மாள் கேட்பாள், நான் கை காட்டுவேன். அந்த ஒரு தடவை உண்மையாகக் காட்டுவேன்.

முடிய சில வினாடி இருக்கும்போது ஷெரின் அணி ஒரு பாயிண்ட் முன்னால் இருந்தது. திவ்யா கூடைக்குக் கீழே புகுந்தாள், இடித்துத் தள்ளிவிட்டார்கள். விசில். அவளுக்கு இரண்டு ஃப்ரீ த்ரோ. இரண்டும் விழுந்தால் அவர்கள் ஜெயித்தார்கள், இரண்டும் தவறினால் நாங்கள். அவள் கோட்டில் வந்து நின்றாள், பந்தை மூன்று முறை தரையில் தட்டினாள். மைதானமே அடங்கியது. எனக்கு அந்த அமைதி காதில் விழவே இல்லை. உடம்பு தன்பாட்டில் எழுந்தது. இரண்டு கையையும் தலைக்கு மேல் ஆட்டிக்கொண்டு, பன்னிரண்டு வருஷப் பழக்கத்தில், அடிவயிற்றிலிருந்து கத்தினேன். "விழாது! விழாது! விழவே விழாது!"

பந்து வளையத்தில் பட்டு வெளியே தெறித்தது. மரத்திலிருந்து காக்கைகள் கிளம்பின. அதன் பிறகுதான் எத்தனை பேர் என்னைப் பார்க்கிறார்கள் என்று தெரிந்தது. எல்லாரும். படியில் இருந்தவர்கள், இரண்டு அணிப் பெண்கள், டீ கேனோடு வந்த ஆள். அயோவாவில் அது வெறும் சத்தம். இங்கே ஒவ்வொரு எழுத்தும் எல்லாருக்கும் புரிந்தது. தலை நரைத்த ஒரு பொம்பளை எழுந்து நின்று, இருபது வயதுப் பெண்ணைப் பார்த்து, உனக்கு விழாது என்று வாய் வைத்திருக்கிறாள். ஷெரின் மட்டும் என்னைப் பார்க்கவில்லை. தரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

இரண்டு படி கீழே இருந்த பெண் திரும்பினார். என் வயதுதான் இருக்கும். காலையிலிருந்து நின்றே வேலை பார்த்த களைப்பு முகத்தில் இருந்தது, கழுத்தில் ஏதோ கம்பெனி ஹவுஸ்கீப்பிங் அடையாள அட்டை. அவர் கத்தவில்லை. தாழ்ந்த குரலில்தான் கேட்டார்.

"இன்னாம்மா நீ? பொம்பளப் புள்ள கை நடுங்கிக்கினு நிக்குது. அதப் பாத்து விழாது விழாதுன்ற. நீயும் ஒரு புள்ளையப் பெத்தவதான?"

திவ்யாவின் அம்மா என்று அப்போதே புரிந்துவிட்டது. இல்லம்மா, நான் பெறவில்லை என்று சொல்லலாம். அமெரிக்காவில் இப்படித்தான், அது ஒரு வழக்கம், மனதில் ஒன்றும் வைத்துச் சொல்லவில்லை என்றும் சொல்லலாம். மன்னிச்சுக்கோங்க என்று மட்டும் சொல்லி உட்கார்ந்தேன். அவர் முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு திரும்பிக்கொண்டார். ரெஃப்ரி என் பக்கம் கையை நீட்டி, அம்மா, அமைதியா இருங்க என்றார். பிறகு பந்தை மறுபடியும் திவ்யா கையில் கொடுத்து, முதல் வீச்சு செல்லாது, திரும்பப் போடு என்றார். ரூல் புத்தகத்தில் அதற்கு இடமுண்டா என்று எனக்குத் தெரியாது. அங்கே ஒருவரும் மறுக்கவில்லை, ஷெரின் அணிகூட. திவ்யா இரண்டையும் போட்டாள். இந்த முறை அமைதி எனக்கும் கேட்டது. ஒரு பாயிண்டில் தோற்றோம். தோற்கடித்தது நான்தான்.

ஷெரின் முதலில் என்னிடம் வரவில்லை. நேராகத் திவ்யாவிடம் போய், தோளில் கை போட்டு ஏதோ சொன்னாள், பிறகு அவள் அம்மாவிடமும் குனிந்து பேசினாள். எனக்காக மன்னிப்புக் கேட்கிறாள் என்று தூரத்திலிருந்தே தெரிந்தது. அந்த இடத்திலேயே பூமி பிளக்கக் கூடாதா என்று இருந்தது. தட்டில் பப்ஸும் டீயும் வந்தன. வழக்கப்படி விருந்தாளிகளுக்குத்தான் முதலில். திவ்யாவே ஒரு பப்ஸை டிஷ்யூவில் வைத்துப் படியேறி என்னிடம் கொண்டு வந்தாள். ஷெரினோட அமெரிக்கா பெரியம்மாவா ஆன்ட்டி, நான் ரொம்பப் பயந்துட்டேன் என்று சிரித்தாள். டீ குடிங்க ஆன்ட்டி, தொண்டை கட்டிக்கும் என்றாள். அந்தப் பப்ஸை நான் எப்படி விழுங்கினேன் என்று கேட்காதீர்கள்.

திரும்பும்போது ஷெரின் வேனில் போகாமல் என்னோடு ஆட்டோவில் ஏறினாள். அடையாறு பாலத்துக்கு முன்னால் வண்டிகள் நகரவில்லை. ஆற்று நாற்றமும் வேர்வையுமாக இருந்தோம். ஷெரின் ஷூ லேஸைத் தளர்த்திக் காலை நீட்டிக்கொண்டாள். பிறகு, அங்கே நிஜமாகவே இப்படித்தான் கத்துவார்களா என்று கேட்டாள். ஆமாம், வெளியூரில் ஆடினால் கத்துவார்கள், நீ நின்றாலும் கத்துவார்கள், அது விளையாட்டுக்குத்தான் என்றேன். நீங்களும் யாராவது ஒரு பெண்ணைப் பார்த்து அப்படிக் கத்துவீர்களா என்றாள். கத்துவேன் என்றேன். அவள் கேள்வியில் கண்டிக்கிற தொனி இல்லை. புரிந்துகொள்ளத்தான் கேட்டாள். முழங்காலில் உரசிய காயத்தை ஊதிக்கொண்டே சொன்னாள்.

"நீங்க அங்க தனியா இருக்கீங்கன்னு அம்மா சொன்னாங்க பெரியம்மா. வயசாகுது, கூட யாருமில்லன்னு. ஒரு ரெண்டு வருஷம் கூட இருந்துட்டு வரலாம்னுதான் சரின்னேன். எனக்கொண்ணும் கஷ்டமில்ல. வீடியோவ அனுப்பிடுங்க."

எனக்கு முதலில் கோபம்தான் வந்தது. ஸ்டெல்லா மீது, அவள் மீது, அந்த மஞ்சள் பெயிண்ட் மீது. மூன்று மாதமாக நான் இந்தக் குடும்பத்துக்கு ஒரு பெரிய கதவைத் திறந்துவிடுகிறேன் என்று நினைத்துக்கொண்டிருந்தேன். அவர்கள் இரண்டு பேரும் சேர்ந்து எனக்குப் பிச்சை போடுவது மாதிரிப் போட்டிருக்கிறார்கள். கோபம் பாலம் தாண்டுவதற்குள் போய்விட்டது. பிச்சை இல்லை, இருபது வயதில் ஒருத்தி இரண்டு வருஷத்தை எடுத்து நீட்டுகிறாள், அதுவும் நான் அவள் ஆட்டத்தைக் கெடுத்த அன்றைக்கு. எனக்கு ஆசை இல்லாமல் இல்லை. அதையும் ஒளிக்கவில்லை. வாயை மூடிக்கொண்டு சரி என்றிருந்தால் போதும், ஆகஸ்டில் என் மாடிப்படியில் ஒரு ஆள் ஏறி இறங்கும் சத்தம் கேட்கும். ஆனால் அவளுக்கு அங்கே யார் இருக்கிறார்கள்? விழுந்தால் கை கொடுத்துத் தூக்கும் திவ்யா இருக்கிறாளா? நான் இருப்பேன். நான் வேலைக்குப் போய்விட்டு வந்து, கோட்டைத் தொட்டுப் பார்க்கிற மாதிரி அவளைத் தொட்டுப் பார்ப்பேன். முதல் பனியில் அவள் ஜன்னலருகே நிற்பாள், நான் நின்ற மாதிரி. இருபத்துநாலு வருஷம் கழித்து யாராவது ஆட்டோ டிரைவர் அவளைப் பார்த்து ஊருக்குப் புதுசா என்று கேட்பார். அதற்கு நான் காரணமாக வேண்டுமா?

செல்போனை எடுத்து வீடியோவை ஓட்டிப் பார்ப்பது மாதிரிப் பார்த்தேன். பிறகு, அடடா, இதை அனுப்ப முடியாதே கண்ணு என்றேன். என் கத்தல் முழுசாகப் பதிந்திருக்கிறது, வெட்டி அனுப்பக் கூடாது என்பது கோச்சம்மாவின் கண்டிப்பு, வீடியோ எடுக்கிறவளே நடுவில் கத்துவதைக் கேட்டால் என்ன நினைப்பார், வேறு ஆட்டம் எடுக்க நான் ஊரில் இருக்கப்போவதும் இல்லை, கெடு முடிகிறது என்று அடுக்கிக்கொண்டே போனேன். தோற்ற ஆட்டமானாலும் பரவாயில்லை என்று சொன்ன கோச்சம்மா ஒரு கத்தலுக்காகவா வேண்டாம் என்பார்? ஷெரினுக்கும் அது தெரியும். அவள் என் முகத்தைக் கொஞ்ச நேரம் பார்த்தாள். சரி பெரியம்மா என்றாள். பிறகு என் தோளில் தலையைச் சாய்த்துக்கொண்டாள். மயிலாப்பூர் வருவதற்குள் தூங்கிவிட்டாள். கனமான தலை. தோள் மரத்துப்போயிற்று, நான் அசையவில்லை.

ஸ்டெல்லா கதவைத் திறந்ததும் அனுப்பியாச்சா என்றுதான் கேட்டாள். அதே காரணத்தை அவளிடமும் சொன்னேன். அவள் டீச்சர், வீட்டுப்பாடம் எழுதாத பிள்ளைகள் சொல்லும் காரணங்களை முப்பது வருஷமாகக் கேட்டவள். நேராக அடுக்களைக்குப் போனாள். அன்றைக்குச் சாப்பாட்டில் குழம்பு எனக்கும் அதே காரத்தில் வந்தது. மூக்கில் தண்ணீர் கொட்டக் கொட்டச் சாப்பிட்டேன். மூக்கில் மட்டுமல்ல. காரம் என்று எல்லாரும் நினைத்துக்கொண்டோம், அப்படியே விட்டுவிட்டோம்.

பிப்ரவரியில் மறுபடியும் பஸ். வெளியே வெட்டிய சோளத்தட்டைகள் பனிக்கு மேல் முள்முள்ளாக நிற்கின்றன. கோச்சம்மா அந்தப் பெண் என்ன ஆனாள் என்று கேட்டார். அவளுக்கு அங்கேயே நல்ல அணி இருக்கிறது என்றேன். வாட் எ ஷேம் என்றார், ஆமாம் என்றேன். குளிர்கோட்டை டோரத்தியின் பேத்திக்குக் கொடுத்துவிட்டேன். மஞ்சள் பெயிண்டை ஒன்றும் செய்ய முடியவில்லை. வீடியோ போனில் அப்படியே இருக்கிறது. ஷெரின் ஓடுவதைப் பார்ப்பேன், கடைசிக்கு முன்னால் நிறுத்திவிடுவேன்.

அரங்கில் எங்களுக்குரிய மூலையில் குஷனைப் போட்டு உட்கார்ந்தோம். உள்ளூர்க்கார அம்மாள் ஒருத்தி கோட்டைக் கழற்றிக்கொண்டே பக்கத்தில் வந்தாள். இரண்டாவது நிமிஷத்தில், இதில் உங்கள் பெண் யார் என்று கேட்டாள். கை பதினொன்றாம் நம்பர் பக்கம் பாதி போயிற்று. என்னுடையவள் வேறு ஊரில் ஆடுகிறாள் என்றேன். ஓ, அப்படியானால் உங்களுக்கு ரொம்பத் தூரம் என்றாள். ரொம்பத் தூரம் என்றேன். உங்களுடையது என்று கேட்டதற்கு, இருபத்திரண்டாம் நம்பர் என்று எதிரணியில் ஒரு சிவந்த கன்னக்காரியைக் காட்டினாள்.

ஆட்டம் முடியும் தறுவாயில் அந்த இருபத்திரண்டாம் நம்பர்தான் ஃப்ரீ த்ரோ கோட்டில் வந்து நின்றாள். எங்கள் இருபது பேரும் படியை மிதிக்க ஆரம்பித்தார்கள். டோரத்தி என் முழங்கையை இடித்தாள். "நௌ, ஜெஸ், நௌ." எல்லாத் தலையும் என் பக்கம். நான் எழுந்தேன். பக்கத்தில் அந்த அம்மாள் இரண்டு கையையும் கோத்து வாயில் வைத்துக்கொண்டிருந்தாள், விரல் நுனிகள் வெளுத்திருந்தன. கீழே அந்தப் பெண் பந்தை மூன்று முறை தரையில் தட்டினாள்.

கையை உயர்த்தி, அதே ராகத்தில், அதே அடிவயிற்றுக் குரலில் கத்தினேன்.

"விழும்! விழும்! விழாம எங்க போகும்!"

பந்து வலையை மட்டும் தொட்டு விழுந்தது. எதிர்ப்பக்கம் மொத்த அரங்கமும் எழுந்து நின்றது, பக்கத்து அம்மாள் என்னைக் கட்டிக்கொள்ளாத குறை. எங்கள் பஸ் கூட்டம் சோர்ந்து உட்கார்ந்தது. டோரத்தி என் முழங்காலைத் தட்டிக் கொடுத்து, பரவாயில்லை ஜெஸ், எல்லா நாளும் பலிக்காது என்று எனக்கு ஆறுதல் சொன்னாள்.